சங்கம் கேட்டதில் பாதி இன்னும் பாக்கி

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இன்று தெருவுக்குத் தெரு பச்சைத் துணி போர்த்திய சாரம் நிற்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்ககங்கள் இடிபட்டு, அதே மனையில் இன்னும் உயரமாக எழுகின்றன. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்கிற தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்து, இதற்கான வழியை எளிதாக்கியது. வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு புதுச் சட்டம் கிடைத்த காலத்திலேயே, அந்த வீட்டைக் கட்டும் தொழிலாளிக்கென்று 1996இல் வந்த மத்தியச் சட்டம் தனிச் சட்டமாக இல்லாமல் போய்விட்டது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டங்கள் 29 அவற்றுக்குள் கரைந்தன. கட்டடத் தொழிலாளர்களின் பணி நிலைமைகளுக்கான சட்டமும், அவர்களின் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் ஒரு பங்கை வசூலிக்கும் நலவரிச் சட்டமும் அந்த 29இல் அடக்கம்.

இந்த இரண்டு சட்டங்களும் அரசுக்குத் தானாகத் தோன்றியவை அல்ல. அவற்றின் வேர் சென்னையில், 1979இல் தொடங்கிய ஒரு சங்கத்தில் இருக்கிறது. அந்தச் சங்கத்தை வளர்த்தவர்கள் என்ன கேட்டார்கள், அரசுகள் என்ன கொடுத்தன, எதை இன்னும் கொடுக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

திட்ட அனுமதி ரசீதில் ஒரு வரி

வீடு கட்டத் திட்ட அனுமதி வாங்கியவர்களுக்குத் தெரியும்: கட்ட வேண்டிய கட்டணங்களின் பட்டியலில் தொழிலாளர் நலவரி என்று ஒன்று இருக்கும். மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் அது 1 சதவீதம். செலவு 10 கோடி ரூபாய் என்றால் 10 லட்சம். அந்தப் பணம் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்துக்குப் போகிறது. பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மகப்பேறு உதவி, திருமண உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் இதிலிருந்துதான்.

வாரியத்தின் அட்டைக்கு என்ன மதிப்பு என்பது 2020 ஊரடங்கில் தெரிந்தது. பதிவு செய்திருந்த கட்டடத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 1,000 ரூபாயும் 15 கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ எண்ணெயும் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால், வேலை நின்ற முதல் வாரத்திலேயே இவர்களைத் தேடிக் கொடுக்க அரசிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தாலும், அட்டை இல்லாதவரால் அந்த வரிசையில் நிற்க முடியவில்லை.

புதிய தொகுப்புகள் இந்த ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் கை வைக்கின்றன. சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீடு 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் விலக்கு என்பது பழைய விதி. இப்போது அந்த வரம்பு 50 லட்சம். சென்னையில் தனி வீடு கட்டுவோரை விட்டுவிடுவோம். திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் சிறு நகரங்களிலும் கட்டப்படும் வீடுகளில் 50 லட்சத்தைத் தாண்டுபவை எத்தனை இருக்கும்? விபத்தும் கூலி பாக்கியும் அந்தச் சின்ன வேலைகளிலும் நடப்பவைதான்.

இரண்டாவது மாற்றம், கட்டுபவரே தன் நலவரியைக் கணக்கிட்டுக் கட்டலாம் என்பது. நேர்மையான கட்டுநருக்கு இது வசதி. மற்றவர்கள் விஷயத்தில், செலவைக் குறைத்துக் காட்டினால் அதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். தொழிலாளர் துறையில் அதற்குப் போதிய ஆள் இருக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

வாசல் இல்லாத ஆலை

தொழிற்சங்க வரலாற்றில் சென்னைக்கு முதல் வரிசையில் இடம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்கு உழைத்தார்கள். 1923இல் சிங்காரவேலர் இந்த நகரத்தின் கடற்கரையில்தான் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதே 1920களில்தான் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பும் வேலையும் தொடங்கியது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் வந்துவிட்டது. ஏரியைத் தூர்த்தவருக்கும் சுவர் எழுப்பியவருக்கும் வலுவான சங்கம் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆலைக்கு ஒரு வாசல் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. நாளைக்கும் அதே முதலாளி இருப்பார். வேலைநிறுத்தம் என்றால் அந்த வாசலில் நிற்கலாம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இது எதுவும் இல்லை. இந்த மாதம் அபிராமபுரத்தில் வேலை, அடுத்த மாதம் பெசன்ட் நகரில். கூலி கொடுப்பவர் மேஸ்திரி. அவரே சில வருடம் முன்புவரை கரணை பிடித்தவர். மேஸ்திரிக்கு மேல் துணை ஒப்பந்தக்காரர், அவருக்கு மேல் ஒப்பந்தக்காரர், அவருக்கு மேல் கட்டுநர். சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், இவருக்கு முதலாளி யார் என்ற கேள்விக்கு நான்கு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

1979இல் தொடங்கிய தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் முன் இருந்த சிக்கல் இதுதான். யாரிடம் கேட்பது? அந்த முன்னோடிகள் கண்டுபிடித்த விடையை இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் மிகக் கூர்மையான சிந்தனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். தனி முதலாளியைத் தேடி ஓடாதே. தொழில் முழுவதையும் முதலாளியாக்கு. எங்கே கட்டடம் எழுந்தாலும் அதன் செலவில் ஒரு பங்கைச் சட்டப்படி வாங்கு. அரசு, கட்டுநர், தொழிலாளர் என மூன்று தரப்பும் உட்காரும் வாரியத்திடம் அந்தப் பணத்தையும் வேலையையும் ஒப்படை.

சாயங்காலம் கூலி பாக்கிக்காக மேஸ்திரி வீட்டு வாசலில் நிற்பதும், விபத்து நடந்த இரவில் காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவதும் அன்றாடச் சங்க வேலை. அதில் ஊறிக் கிடந்தவர்கள் ஒரு நாட்டுக்கே பொருந்தும் சட்டத்தை யோசித்தார்கள் என்பதுதான் வியப்பு. இன்னொரு கட்டடத் தொழிலாளர் சங்கமான நிர்மாண் மஸ்தூர் பஞ்சாயத்து சங்கத்தின் ஆர். கீதா அந்த அன்றாட வேலையைப் பல பத்தாண்டுகளாக இந்த நகரத்தில் செய்துவருபவர். கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், நகரின் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடிசைவாசிகள் என்று அவருடைய பொதுவாழ்க்கை ஒரே மக்களைத்தான் வெவ்வேறு வாசல்களில் சந்தித்துவந்திருக்கிறது.

மூட்டை தூக்கியவர்கள் காட்டிய வழி

சங்கத்துக்கு முன் ஓர் உதாரணம் இருந்தது. மகாராஷ்டிரத்தில் மூட்டை தூக்கும் மத்தாடித் தொழிலாளர்களுக்காக 1969இல் ஒரு சட்டம் வந்தது. அவர்களைத் திரட்டிய அண்ணாசாகேப் பாட்டீல் தானே மூட்டை தூக்கியவர். அந்தச் சட்டத்தின்படி தொழிலாளியும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், வேலை கொடுப்பவரும் பதிவு செய்ய வேண்டும். கூலியையும் அதன் மேல் ஒரு சதவீதக் கட்டணத்தையும் முதலாளி வாரியத்தில் கட்டுவார். தொழிலாளிக்குக் கூலி கொடுப்பது வாரியம். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் போனஸும் அதன் வழியே வரும். ஒரு நாளைக்கு நாலு கடையில் மூட்டை இறக்கியவருக்கும் வருடக் கணக்கில் ஒரே பதிவேடு.

தமிழ்நாட்டிலும் 1982இல் இதே வார்ப்பில் ஒரு சட்டம் வந்தது. உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம் என்று அழைக்கிறோமே, அதன் முழுப் பெயரிலேயே ‘வேலை முறைப்படுத்துதல்’ என்ற சொற்கள் இருக்கின்றன. அப்போது எம்.ஜி.ஆர். முதல்வர். சட்டம் அரசிதழில் இருந்தது. வாரியம் மட்டும் வரவில்லை. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான நல வாரியம் அமைந்தது 1994 நவம்பரில், ஜெயலலிதா ஆட்சியில். 12 ஆண்டுகள். அந்தச் சட்டம் வந்தபோது சித்தாளாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், வாரியம் வரும்போது தன் மகளையும் கலவை சுமக்க அழைத்து வந்திருப்பாள்.

வந்த வாரியமும் சட்டத்தின் ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. உதவித்தொகை கொடுப்பது என்ற பாதி. வேலையைப் பதிந்து, கூலியை வாரியம் வழியாகக் கொடுத்து, முதலாளி யார் என்ற கேள்வியையே இல்லாமல் செய்யும் மறுபாதி இன்றுவரை தொடப்படவில்லை. இன்று யார் எங்கே என்ன கூலிக்கு வேலை செய்கிறார் என்பது வாரியத்துக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஒருவர் உண்மையான கட்டடத் தொழிலாளிதானா என்று சான்றிதழ் கேட்டு அவரை அலைய வைக்கிறோம். கட்டடத் தொழிலே செய்யாதவர் அட்டை வாங்கிவிட்டார் என்றும் புகார் சொல்கிறோம். இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே. அது 1982 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

டெல்லிக்குப் போன கோரிக்கை

தமிழ்நாட்டில் காத்திருந்த அந்தக் காலத்திலேயே சென்னைச் சங்கத்தார் நாடு தழுவிய சட்டத்துக்கு முயன்றார்கள். 1985இல் டெல்லியில் கூடி, கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் கோரும் தேசியப் பிரச்சாரக் குழுவை அமைத்தார்கள். தலைமை, நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். சுபாஷ் பட்நாகர் ஒருங்கிணைத்தார். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் உயர் பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற டி.எஸ். சங்கரன், சட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்ற தன் அனுபவத்தைத் தொழிலாளர் பக்கம் கொண்டுவந்தார். மக்களவையின் மனுக்கள் குழுவரை கோரிக்கை போனது. 1988இல் அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தபோது, இது போதாது என்று சொல்லும் துணிவும் அவர்களுக்கு இருந்தது. கடைசியில் 1996இல் இரண்டு மத்தியச் சட்டங்களும் நிறைவேறின.

சட்டம் வந்ததும் இந்தக் குழு கலைந்துபோகவில்லை. மாநிலங்கள் நலவரியை வசூலிக்கவில்லை, வசூலித்தாலும் செலவழிக்கவில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2018 மார்ச் 19 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளர்களுக்குச் செலவிட்டது சுமார் 9,500 கோடி மட்டும் என்பது அந்தத் தீர்ப்பில் பதிவானது. வெயிலில் நின்றவர் பெயரில் வாங்கிய பணம் வங்கியில் கிடந்தது என்பதைச் சொல்லவே 12 ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

மௌலிவாக்கமும் சித்தாளும்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் நொறுங்கி விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். கட்டடத்தின் வரைபடம் திட்ட அனுமதி தந்த அலுவலகத்தில் இருந்தது. அன்று உள்ளே வேலையில் இருந்தவர்களின் முழுமையான பதிவேடு இருந்திருக்க வேண்டும் என்று அப்போது எல்லோரும் பேசினோம். பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோ வழித்தடம் மயிலாப்பூருக்கும் பனகல் பூங்காவுக்கும் அடியில் குடையப்படுகிறது. இன்னொரு தடம் மந்தைவெளி, அடையாறு வழியாகத் தெற்கே போகிறது. மண்ணுக்கடியில் வேலை செய்பவர்களில் பலர் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள். பெரிய நிறுவனங்களின் வேலை என்பதால் இங்கே தலைக்கவசமும் பாதுகாப்புக் கயிறும் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் மூன்று மாடி ஏற்றும் இடத்தில் வெறுங்காலோடு சென்ட்ரிங் பலகையில் நடக்கிறார்கள். பாதுகாப்பு, கட்டடத்தின் அளவைப் பார்த்து வருகிறது.

பெண்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியாளாக வரும் பையன் சில வருடங்களில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அதே நாளில் வேலைக்கு வந்த பெண் முப்பது வருடம் கழித்தும் சித்தாள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்தது. ஆனால் இருவருக்கும் வேலையின் பெயரையே வேறாக்கிவிட்டால் அந்தச் சட்டம் எங்கே பொருந்தும்? மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்புபவர்கள் நான்கு ஆண்கள். இந்த நகரத்தின் கல்லையும் மண்ணையும் சுமந்ததில் பாதிக் கதை அந்தப் பீடத்தில் இல்லை.

கலவை இயந்திரமும் ஆயத்தக் கலவை லாரியும் வந்தபின் பாண்டு சுமக்கும் வேலை குறைந்துவிட்டது. முதலில் வேலை இழந்தவர்கள் பெண்கள். வேலை குறைந்ததோடு இருப்பிடமும் தூரமாயிற்று. 2000ஆம் ஆண்டு முதல் ஆற்றோரம், கால்வாயோரம் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டதை இந்தப் பகுதிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்குள், கூலி வேலைக்கு ஆள் நிற்கும் தெருமுனைக்கு வந்தால்தான் வேலை. பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணுக்கு அந்த ஏழு மணி கைக்கு எட்டுவதில்லை. வந்து சேர்ந்தாலும் ஒதுங்க நிழலோ கழிப்பறையோ கிடையாது.

செய்யக்கூடியவை

முதல் வேலை மாநில அரசுடையது. 1982 சட்டம் தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். அதன்கீழ் ஒரு தொழிலாளி, தான் செய்யும் தொழிலைச் சொல்லிப் பதிவு செய்கிறார். எத்தனை பேர் வேலை செய்யும் இடம், எவ்வளவு செலவில் எழும் வீடு என்பது அங்கே கேள்வியில்லை. நான்கு தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் கட்டுமான இடங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. தொகுப்புகளுக்கான மாநில விதிகளில், இந்தச் சட்டமும் இதன் வாரியமும் நிதியும் அப்படியே தொடரும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும். 50 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளிலிருந்து வந்த நலவரி நின்றால், அந்த இழப்பை மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஈடு செய்வதாகவும் அறிவிக்க வேண்டும்.

சட்டத்தின் தொடாத பாதியைத் தொடங்கச் சென்னையே நல்ல இடம். ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். அடையாறு மண்டலமாகவே இருக்கட்டும். திட்ட அனுமதி எண்ணோடு வேலையாட்களின் பதிவேட்டையும் இணைத்து, கூலியை வாரியக் கணக்கு வழியாகக் கொடுக்கும் முறையை ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். 1969இல் காகிதப் பேரேட்டில் மும்பை செய்ததைக் கைப்பேசிக் காலத்தில் நம்மால் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேற்று மாநிலத் தொழிலாளிக்கும் இதே பதிவேட்டில், அவர் மொழியில், முதல் நாளிலேயே இடம் வேண்டும்.

ஆள் நிற்கும் முனைகளில் மாநகராட்சி ஒரு கூரையும் குடிநீரும் கழிப்பறையும் அமைப்பதற்குப் பெரிய செலவாகாது. பெரும்பாக்கம், கண்ணகி நகரிலிருந்து விடியற்காலையில் நேர்ப் பேருந்து விடுவதும் அப்படித்தான். பத்து வருடம் சித்தாளாக இருந்த பெண்களுக்கு வேலை நாள் கூலியோடு கொத்து வேலையும் டைல்ஸ் வேலையும் கற்றுக்கொடுத்து, கொத்தனார் என்றே சான்று தர வாரியத்தில் பணம் இருக்கிறது. அந்தச் சான்றை வைத்திருக்கும் பெண்களுக்கு அரசுக் கட்டட ஒப்பந்தங்களில் ஒரு பங்கு வேலையை ஒதுக்கினால், தனியார் கட்டுநர்களும் வழிக்கு வருவார்கள்.

1979இல் தொடங்கிய சங்கத்தின் முதல் தலைமுறையினர் முதுமையில் இருக்கிறார்கள். விக்டோரியா பொது மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஸோமின் பெயரும், கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் பெயரும் நமக்குத் தெரியும். அங்கே சுண்ணாம்பு அரைத்த ஒருவரின் பெயரும் தெரியாது. 1979இன் ஆட்களுக்கும் அதே கதி வர வேண்டாம். அவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிந்து, துண்டறிக்கைகளையும் மனுக்களையும் சேர்த்து வைக்கும் பொறுப்பைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனம் ஏற்கலாம். செலவை வாரியம் தரலாம்.

மற்ற வேலை அடுக்கக உரிமையாளர் சங்கங்களுக்கு. இடித்துக் கட்டக் கட்டுநரோடு ஒப்பந்தம் போடும்போது எத்தனை சதுர அடி, எத்தனை கார் நிறுத்துமிடம், மாற்று வீட்டு வாடகை எவ்வளவு என்று வரிக்கு வரி பேசுகிறோம். அதே ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்க்கலாம்: வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும்; எல்லோருக்கும் வாரிய அட்டையும் விபத்துக் காப்பீடும் எடுத்துக் காட்ட வேண்டும்; மனையிலேயே கழிப்பறையும் குழந்தைகள் இருக்க ஓர் அறையும் வேண்டும்; கட்டிய நலவரியின் ரசீது நகல் சங்கத்துக்கு வர வேண்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே இதைச் சேர்க்கலாம்.